ராக்கு என்ற பெயர் யாருக்குச் சொந்தம்?

கருத்துணர்தலுக்காக நான் தயாரித்த ஒரு பயிற்சித்தாளில் தவறு இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் படிவம் நான்கு மாணவி ஒருவர். பயிற்சித்தாளில் நான் எழுதிய இரண்டு வாக்கியங்கள் இவை: ‘ராக்கு என்பது 16ஆம் நூற்றாண்டில் ஜப்பானில் தேநீர்க் கிண்ணங்களுக்காகத் தோன்றிய மட்பாண்ட முறை. சூளையில் சிவந்து தகிக்கும் பாண்டத்தை வெளியே எடுத்து, மரத்தூளில் புதைத்துப் புகையூட்டுவர்.’

வார இறுதிப் பட்டறை ஒன்றில் ஒரு பயிற்றுநர் சொன்னதைத்தான் நான் எழுதியிருந்தேன். பட்டறையில் நாங்களும் அப்படித்தான் செய்தோம். தணல் மாதிரி ஜொலித்த கிண்ணத்தை இடுக்கியால் எடுத்து, மரத்தூள் நிரப்பிய தகரத் தொட்டியில் போட்டோம். குபீரென்று தீ பிடித்ததும் மூடி போட்டு அமுக்கினோம். “நானூறு வருசத்துக்கு முன்னாடி ஜப்பான்காரங்க இப்படித்தான் செஞ்சாங்க” என்றார் அவர். நானும் நம்பிவிட்டேன்.

வகுப்பில் அந்த மாணவி கேட்டார்: “டீச்சர், டீ குடிக்கிற கிண்ணத்த எதுக்கு மரத்தூள்ல போட்டுப் புகை போடணும்? கரி வாடை அடிக்காதா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, என் இரண்டு வாக்கியங்களில் முதலாவது சரி. இரண்டாவதில் உள்ள வேலையை ஒரு கலை முறையாக வளர்த்தது 1960இல், அதுவும் அமெரிக்காவில். நடுவில் ஏறக்குறைய 380 ஆண்டுகள். ஒரு பசிபிக் பெருங்கடல். இரண்டையும் ஒரே பெயரில் நான் ஒட்டிவிட்டேன். ‘ராக்கு’ என்ற அந்தப் பெயர் எப்படிப் பயணம் செய்தது என்பதே இக்கட்டுரை.

ஓடு செய்தவரும் தேநீர் ஆசானும்

16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கியோட்டோவில் சோஜிரோ என்ற கைவினைஞர் இருந்தார். கூரை ஓடுகளையும் ஓட்டு அலங்கார உருவங்களையும் செய்தவர் அவர் என்பது பரவலான கருத்து. அவர் கைவேலையில் ஆண்டு பொறிக்கப்பட்ட மிகப் பழைய பொருள் ஒரு சிங்க உருவம், ஆண்டு 1574. சீனாவின் பல நிற மெருகுப் பூச்சு முறையை ஒட்டியது அந்தச் சிங்கம். சோஜிரோவின் தந்தை சீனாவிலிருந்து வந்தவர் என்று குடும்ப மரபு சொல்கிறது. ஆக, ‘தூய ஜப்பானியக் கலை’ என்று நாம் சொல்லும் ராக்குவின் வேரிலேயே வெளிநாட்டு மண் ஒட்டியிருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அதே காலத்தில் வாழ்ந்தவர் சென் நோ ரிக்கியு (1522–1591). சக்காய் துறைமுக நகரத்து வணிகக் குடும்பத்தில் பிறந்த இவர், அக்காலத்தின் தலைசிறந்த தேநீர் ஆசான். முதலில் ஒடா நொபுநாகா, அவருக்குப் பின் தொயொதொமி ஹிதெயோஷி என்று நாட்டின் இரு பெரும் தலைவர்களுக்குத் தேநீர் ஆசானாக இருந்தார். அக்காலத்தில் தேநீர்ச் சந்திப்பு வெறும் உபசரிப்பு மட்டுமல்ல. அரசியல் பேச்சு, கூட்டணி, கௌரவம் எல்லாம் அந்த அறைக்குள் நடந்தன. நல்ல கிண்ணம் ஒன்று ஒரு பிரபுவின் மதிப்பையே உயர்த்தும். உயர்ந்த கிண்ணம் என்றால் சீனாவிலிருந்தோ கொரியாவிலிருந்தோ வந்ததாக இருக்க வேண்டும் என்பது வெகுகாலம் நிலவிய எண்ணம்.

ரிக்கியு வேறு வழியில் போனார். பளபளப்பும் ஓவியமும் இல்லாத, கைக்குள் அடங்குகிற எளிய கிண்ணம் அவருக்கு வேண்டியிருந்தது. சோஜிரோ அதைச் செய்து கொடுத்தார். 1586ஆம் ஆண்டுத் தேநீர்க் குறிப்பு ஒன்றில் ‘சோயெகி வடிவக் கிண்ணம்’ என்று ஒரு பதிவு இருக்கிறது. சோயெகி என்பது ரிக்கியுவின் இன்னொரு பெயர். கவனியுங்கள்: செய்தவர் பெயரைவிட, செய்யச் சொன்னவர் பெயர்தான் முதலில் கிண்ணத்தின் மேல் ஏறியது.

தங்க அறையும் கருப்புக் கிண்ணமும்

அதே 1586இல் ஹிதெயோஷி தங்கத் தகடு பதித்த தேநீர் அறை ஒன்றைப் பேரரசரின் அரண்மனைக்குக் கொண்டுபோய்க் காட்டினார். பிரித்து எடுத்துச் செல்லக்கூடிய அறை அது. சுவர், கூரை, பாத்திரம் எல்லாம் தங்கம். மறுபக்கம் ரிக்கியுவுடையது என்று சொல்லப்படும் தை-அன் தேநீர் அறை இரண்டே தத்தாமிப் பாய் அளவு கொண்டது. மண்சுவர், மங்கிய வெளிச்சம். அந்த அறையில் கருப்புக் கிண்ணத்தை வைத்தால் அது இருட்டோடு கலந்துவிடும். பச்சைத் தேநீர் மட்டும் கண்ணுக்குத் தெரியும்.

ஹிதெயோஷிக்குக் கருப்புக் கிண்ணம் பிடிக்காது என்று அக்காலத்து வணிகர் ஒருவரின் நாட்குறிப்பு பதிவு செய்திருக்கிறது. ஆனாலும் அவருடைய ஆசான் கருப்பைத்தான் விரும்பினார். 1591இல் ரிக்கியுவைத் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ளும்படி ஹிதெயோஷி கட்டளையிட்டார். டைடோக்குஜி கோயில் வாயிலின் மேல்தளத்தில் ரிக்கியுவின் மரச்சிலை வைக்கப்பட்டது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. வேறு பல விளக்கங்களும் உண்டு. கிண்ணத்துக்காகத்தான் அவர் செத்தார் என்று எழுதிவிடாதீர்கள், அதற்குச் சான்று இல்லை. ஆனால் எது அழகு என்று சொல்கிற உரிமை யாருக்கு என்ற போட்டி அந்த இருவருக்கும் இடையே இருந்ததை அந்தத் தங்க அறையும் இந்தக் கருப்புக் கிண்ணமும் காட்டிக் கொடுக்கின்றன.

சோஜிரோவின் கிண்ணம் எப்படி உருவாகிறது?

இந்தக் கிண்ணம் குயவர் சக்கரத்தில் வனையப்படுவதில்லை. களிமண்ணைத் தட்டி, விளிம்பை இரு கைகளாலும் மெல்ல எழுப்பி, பிறகு கத்தியால் செதுக்குவார்கள். அதனால் சரியான வட்டமாக இருக்காது. கையில் எடுத்தால் உள்ளங்கைக்கு ஏற்ப உட்காரும்.

கருப்பு ராக்குவுக்கு கியோட்டோவின் காமோ ஆற்றுக் கல்லைப் பொடித்து மெருகுப் பூச்சு செய்வார்கள். சூளை மிகச் சிறியது; ஒரு நேரத்தில் ஒரு கிண்ணம்தான். மரக்கரியிட்டுத் துருத்தியால் ஊத ஊத வெப்பம் சுமார் 1200 பாகை செல்சியஸ் வரை ஏறும். பூச்சு உருகிய நேரம் பார்த்து இரும்பு இடுக்கியால் கிண்ணத்தை வெளியே இழுத்து, காற்றில் ஆற விடுவார்கள். திடீரென்று குளிர்வதால்தான் அந்த ஆழ்ந்த கருமை வருகிறது. பல கருப்புக் கிண்ணங்களின் பக்கத்தில் இடுக்கி பிடித்த தழும்பு இன்றும் தெரியும். சிவப்பு ராக்குவுக்கு இதைவிடக் குறைந்த வெப்பம் போதும்.

சூடான கிண்ணத்தை வெளியே எடுப்பது உண்டு. மரத்தூள் இல்லை, புகைத் தொட்டி இல்லை. என் மாணவி சந்தேகப்பட்டது நியாயம்தான்.

இப்படி அவசரமாகக் குளிர வைத்தால் கிண்ணம் உடையாதா என்று மாணவர்கள் கேட்பாங்க. சாதாரணக் களிமண் உடையும். ராக்குவுக்கான மண்ணில் மணலோ, சுட்டுப் பொடித்த மண்ணோ கலந்திருக்கும். அந்தப் பருமணிகளுக்கு இடையே உள்ள சிறு வெளிகள் மண் திடீரென்று சுருங்கும்போது அதன் இழுவிசையைத் தாங்கிக்கொள்ளும். அதே வெளிகளால் கிண்ணத்துக்குள் இருக்கும் தேநீரின் சூடும் கைக்கு மெதுவாகத்தான் வந்து சேரும்.

பெயர் வந்த கதை

ஆரம்பத்தில் இதற்கு ‘ராக்கு’ என்ற பெயர் இல்லை. ‘இமா-யாக்கி’, அதாவது ‘இக்காலச் சுடுமண்’ என்றுதான் அழைத்தார்கள். இன்று மரபின் அடையாளமாகப் போற்றப்படும் பொருள், அன்று புதுமை என்ற பெயரில்தான் அறிமுகமாகியது!

ஹிதெயோஷி 1587இல் கியோட்டோவில் ஜுராக்குதை என்ற ஆடம்பர மாளிகையைக் கட்டி முடித்தார். அதன் பெயரை ஒட்டி ‘ஜுராக்கு-யாக்கி’ என்று கிண்ணத்துக்குப் பெயர் வந்தது. அது சுருங்கி ‘ராக்கு-யாக்கி’ ஆனது. இன்பம், நிம்மதி என்று பொருள்படும் எழுத்து அது. 1589இல் சோஜிரோ இறந்த பிறகு, அவரைத் தொடர்ந்தவர்களுக்கு அந்த எழுத்து பொறித்த முத்திரையை ஹிதெயோஷி வழங்கினார் என்பது குடும்ப மரபு. மாளிகை 1595இலேயே இடிக்கப்பட்டது. அதன் பெயரின் ஒரு துண்டு மட்டும் ஒரு குயவர் குடும்பத்தின் பெயராகத் தங்கிவிட்டது.

அந்தக் குடும்பம் இன்றும் கியோட்டோவில் இருக்கிறது. 15ஆம் தலைமுறையினர் 2019இல் ‘கிச்சிசாஎமோன்’ என்ற பட்டப்பெயரை மகனிடம் ஒப்படைத்தார். இப்போது நடப்பது 16ஆம் தலைமுறை. ஒரு தலைமுறை தேடிச் சேமித்த மண்ணை அடுத்தடுத்து வரும் தலைமுறைகள் பயன்படுத்துகின்றன. ஆனால் மெருகுப் பூச்சின் கலவை அளவைத் தந்தை மகனுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. ஒவ்வொருவரும் தாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மண் வாரிசுச் சொத்து. கலவை அவரவர் உழைப்பு. மரபு என்றால் முன்னோர் செய்ததை அப்படியே செய்வது என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பதில்.

குடும்பத்துக்கு வெளியே

ராக்கு வெகு சீக்கிரத்திலேயே குடும்ப எல்லையைத் தாண்டியது. ஹொன்னாமி கொஎத்சு (1558–1637) என்ற கலைஞர் ராக்கு குடும்பத்தின் உதவியோடு கிண்ணங்கள் செய்தார். அவற்றுள் ‘ஃபுஜி மலை’ என்று பெயர் பெற்ற கிண்ணம் இன்று ஜப்பானின் தேசியப் பொக்கிஷம். நான்காம் தலைமுறையிடம் பயின்றவர் வழியாகக் கனசாவாவில் ஓஹி மட்பாண்டம் தோன்றியது. 18ஆம் நூற்றாண்டில் ராக்கு செய்முறையை விளக்கும் கையேடு அச்சிலேயே வந்துவிட்டது. மெல்ல மெல்ல அது விருந்தினர்களுக்கான பொழுதுபோக்காகவும் மாறியது. அப்படி ஒரு விருந்துதான் அடுத்த திருப்பத்துக்குக் காரணம்.

1911: தோக்கியோவில் ஒரு விருந்து

பெர்னார்ட் லீச் 1887இல் ஹாங்காங்கில் பிறந்த ஆங்கிலேயர். தந்தை காலனித்துவ நீதிபதி என்பதால் சிறுவயதில் சிங்கப்பூரிலும் வாழ்ந்தவர். 1909இல் ஜப்பானுக்குப் போனபோது அவர் ஓவியர். மட்பாண்டம் பற்றி ஒன்றும் அறியாதவர்.

1911இல் தோக்கியோவில் ஒரு நண்பர் கூட்டத்துக்குப் போனார். அங்கே விருந்தினர்களுக்கு ஏற்கெனவே ஒருமுறை சுட்ட பாண்டங்களும் தூரிகையும் கொடுத்தார்கள். வரைந்து முடித்ததும் மெருகுப் பூச்சில் தோய்த்துச் சிறு சூளையில் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிவந்து ஒளிர்ந்த பாண்டங்கள் இடுக்கியால் வெளியே வந்தன. தன் கைவேலை கண்ணெதிரே இப்படி மாறியதைப் பார்த்த லீச், அன்றே குயவராக முடிவு செய்தார். கென்சான் மரபின் ஆறாம் ஆசானிடம் மாணவராகச் சேர்ந்தார். 1920இல் ஹமாதா ஷோஜியுடன் இங்கிலாந்து திரும்பி, செயின்ட் ஐவ்ஸ் ஊரில் பட்டறை தொடங்கினார். 1940இல் அவர் வெளியிட்ட ‘ஒரு குயவரின் புத்தகம்’ என்னும் பொருள்படும் நூல் மேற்கில் குயவர்களின் பாடநூலாகவே ஆனது. அதில் ராக்குவும் இருந்தது.

அந்த விருந்தில் லீச் கண்டது கியோட்டோக் குடும்பத்தின் ஒற்றைக் கிண்ணச் சூளை அல்ல. விருந்து வீட்டு ராக்குவைத்தான் அவர் கண்டார், அதையே எழுதினார். அதாவது மேற்கு நாடுகள் ராக்குவைப் பற்றிப் பரவலாகத் தெரிந்துகொண்டதே ஒரு கிளைக் கதையின் வழியாகத்தான்.

1960: உதிர்ந்து கிடந்த இலைகள்

அந்தப் புத்தகத்தைப் படித்தவர்களில் ஒருவர் பால் சோல்ட்னர் (1921–2011). அமெரிக்கர், மென்னனைட் கிறிஸ்துவப் போதகரின் மகன். இரண்டாம் உலகப் போரில் இராணுவ மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். போருக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலஸில் பீட்டர் வோல்கோஸிடம் மட்பாண்டக் கலை பயின்று, கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கல்லூரியில் ஆசிரியரானார்.

1960இல் சாண்டா பார்பராவில் ஒரு கைவினைச் சந்தையில் செய்முறை காட்ட அவரை அழைத்திருந்தார்கள். மக்கள் முன்னிலையில் சீக்கிரம் முடிகிற ஒன்றைக் காட்ட வேண்டும். லீச்சின் புத்தகத்தில் உள்ள சிறு குறிப்புகளை வைத்து ராக்கு செய்து பார்த்தார். பாண்டம் வெளியே வந்தபோது அவருக்கு ஏமாற்றம்: நிறம் பளிச்சென்று இருந்தது, ஆழமே இல்லை. அங்கே பெப்பர் மர இலைகள் உதிர்ந்து கிடந்தன. (நம் மிளகுக் கொடி அல்ல, கலிபோர்னியாவின் தெருவோரங்களில் நிற்கும் வேறொரு மரம்.) சூடான பாண்டத்தை அந்த இலைக் குவியலில் உருட்டினார். இலை எரிந்தது, புகை கவ்வியது. அவர் தேடிய ஆழம் அந்தப் புகையில் கிடைத்தது.

இதன் வேதியியல் எளிது. இலையோ மரத்தூளோ மூடிய இடத்தில் எரியும்போது உயிர்வளி பற்றாமல் போகும். கரித்துகள் பூச்சில்லாத மண்ணுக்குள் இறங்கிக் கருப்பாக்கும். பூச்சின் விரிசல்களில் புகுந்து வலை போன்ற கோடுகளை வரையும். பூச்சில் செம்பு இருந்தால், அதிலுள்ள உயிர்வளி பறிக்கப்பட்டு உலோகச் செம்பின் மினுமினுப்பு தோன்றும்.

இதே அறிவு நம் பக்கத்திலேயும் இருந்தது. பேராக், கோலகங்சாருக்கு அருகே சாயோங்கில் செய்யப்படும் லாபு சாயோங் நீர்க்குடுவையைப் பாருங்கள். சுட்டுச் சூடாக இருக்கும்போதே அதை உமியில் இட்டுத்தான் அந்தக் கருப்பு நிறத்தைப் பாரம்பரியமாகக் கொண்டுவந்தார்கள். சோல்ட்னருக்கும் சாயோங் பெண்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் செய்முறை என்று பார்த்தால், அமெரிக்க ராக்குவுக்குப் பக்கத்தில் நிற்பது சோஜிரோவின் கிண்ணத்தைவிட நம் லாபு சாயோங்தான்!

கியோட்டோவில் எழுந்த கேள்வி

சோல்ட்னரின் முறை அமெரிக்கக் கல்லூரிகளிலும், பிறகு உலகப் பட்டறைகளிலும் காட்டுத்தீயாகப் பரவியது. பெயர் மட்டும் ‘ராக்கு’ என்றே நின்றது. 1970களின் கடைசியில் கியோட்டோவில் நடந்த உலகக் கைவினை மாநாட்டில் இது வாக்குவாதமாக வெடித்தது. ஒரு பக்கம் 14ஆம் தலைமுறை ராக்கு. மறுபக்கம் சோல்ட்னரும் ரிக் ஹிர்ஷ் என்ற இன்னோர் அமெரிக்கக் கலைஞரும். ராக்கு எங்கள் குடும்பப் பெயர், எங்கள் வேலையைக் குறிக்கும் பெயர், அதை வேறு முறைக்குச் சூட்டுவது சரியா என்பது கியோட்டோவின் கேள்வி. சொல் உலகம் முழுக்கப் பரவிவிட்டது, கலை புதிய பொருள் பெற்றுவிட்டது என்பது மறுதரப்பின் நிலை.

“அப்ப யாருதான் டீச்சர் சரி?” என்று என் மாணவர்கள் கேட்டார்கள்.

என் கருத்தைச் சொல்கிறேன். சோல்ட்னர் செய்தது போலி அல்ல. சீன முறையிலிருந்து சோஜிரோ புதிதாக ஒன்றைச் செய்ததுபோல, லீச்சின் குறிப்பிலிருந்து சோல்ட்னர் புதிதாக ஒன்றைச் செய்தார். கலவையைச் சொல்லித் தராத ராக்கு குடும்பமே, நகலெடுக்காதே என்றுதானே தன் பிள்ளைகளுக்கு உணர்த்துகிறது? ஆனால் பெயர் விஷயத்தில் கியோட்டோவின் மனவருத்தம் நியாயமானது. புதிய முறைக்குப் பழைய பெயர் வைத்தால், பழையது கண்ணிலிருந்து மறைந்துவிடும். என் பயிற்சித்தாளே அதற்குச் சாட்சி. புகையைப் பார்த்துப் பழகிய நான், புகையே இல்லாத சோஜிரோவின் கிண்ணத்துக்கும் புகை போட்டுவிட்டேன். யாரையும் ஏமாற்ற நினைக்காமலே, 400 ஆண்டு வரலாற்றை ஒரே வாக்கியத்தில் தவறாக்க முடிந்தது.

அதனால் எழுதும்போது அடைமொழி சேர்த்து எழுதுவோம்: கியோட்டோவின் குடும்ப மரபைச் சொன்னால் ‘ஜப்பானிய ராக்கு’, புகையூட்டும் முறையைச் சொன்னால் ‘அமெரிக்க ராக்கு’ அல்லது ‘மேலை ராக்கு’. ஒரே ஒரு சொல் கூடுதலாகும், ஆனால் இரு தரப்பினரின் உழைப்பும் தனித்தனியாகத் தெரியும்.

பட்டறைக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. அமெரிக்க ராக்குப் பாண்டம் நீர் கசியும் தன்மை கொண்டது. பூச்சில் உலோகக் கலவைகளும் இருக்கும். அலங்காரத்துக்கு வைக்கலாம், சாப்பிடவோ குடிக்கவோ பயன்படுத்தக் கூடாது.

என் பயிற்சித்தாளின் இரண்டாவது வாக்கியம் இப்போது இப்படி இருக்கிறது: ‘பாண்டத்தைப் புகையூட்டும் முறையை 1960இல் அமெரிக்கக் கலைஞர் பால் சோல்ட்னர் ராக்குவோடு இணைத்தார்.’ அந்த மாணவிக்குத் திருத்திய தாளைக் கொடுத்தபோது, “அப்ப நான் கேட்டது சரிதானே டீச்சர்?” என்றார். சரிதான்மா என்றேன்.

வகுப்பில் கலந்துரையாட

1. ‘இமா-யாக்கி’ என்ற பெயரைக் கொண்டு, மரபும் புதுமையும் எவ்வாறு தொடர்புடையவை என விளக்குக.

2. ரிக்கியு, சோஜிரோ, ஹிதெயோஷி ஆகிய மூவரில் ராக்குக் கிண்ணத்தின் தோற்றத்தில் யாருடைய பங்கு பெரிது? காரணம் காட்டுக.

3. ‘ஒரு கலைச்சொல் அதைத் தோற்றுவித்தவர்களுக்கே உரியது.’ இக்கூற்றை ஏற்றோ மறுத்தோ வாதக் கட்டுரை எழுதுக.

4. உங்கள் வட்டாரத்தில் பெயர் அப்படியே இருந்து செய்முறை மாறிப்போன ஓர் உணவையோ கைவினையையோ தேர்ந்தெடுத்து, வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு அதன் மாற்றத்தைப் பதிவு செய்க.